பேச்சு: நார்மல்

மொதல்ல அந்தப் பவுடரைத் தொடச்சிடும்மா. கோவிச்சிக்காத, பெரியவ ஒருத்தி சொல்றான்னு நெனச்சிக்கோ. கொழந்தைய அவ்ளோ அழகா கெளப்பிக் கூட்டியாந்திருக்க. தலைக்கு எண்ணெ வெச்சி ரெட்டப் பின்னல், கனகாம்பரம், இஸ்திரி போட்ட ஃப்ராக்கு. பாக்கறவங்க கண்ணு பட்டுடும். அதான் சொல்றேன், உள்ள உக்காந்திருக்கற டாக்டருங்க கண்ணும் இதுலதான் படும். கொழந்த ஜம்முனு இருக்காளே, இவளுக்கு என்னா கொறைன்னு ரெண்டு நிமிஷத்துல எழுதி அனுப்பிடுவாங்க. நாளு பூரா நீ படற பாடு அங்க யாருக்கும் தெரியாது. இந்தா, கர்ச்சீப்பு. சுத்தமாத்தான் இருக்கு.

பேரு என்னா? வைஷ்ணவியா. நல்ல பேரு. காது கேக்காதா? ரெண்டு காதுமா? அய்யோ பாவமே. போன தடவை என்னா எழுதுனாங்க? ஓ, கதவைச் சாத்துனப்போ திரும்பிப் பாத்தாளாம், அதுனால கேக்குதுன்னு போட்டுட்டாங்களா? ஏம்மா, அந்தக் கதவைச் சாத்துனா தரையே அதிருது, இங்க உக்காந்திருக்கற எனக்கே தூக்கிப் போடுது. கொழந்த திரும்பாம என்ன பண்ணும்? நல்லா எழுதறாங்க ரிப்போர்ட்டு. இதுக்கெல்லாம் படிப்பு வேற படிச்சிட்டு வர்றாங்க.

எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா. முட்டி வலிதான். முட்டி வலிக்கெல்லாம் ஊனமுற்றவங்க சர்டிபிகேட் குடுத்தா பெங்களூர்ல பாதிப் பேருக்குக் குடுக்கணும். நான் எங்க வூட்டுக்காரருக்காக வந்திருக்கேன். டெஸ்மண்டுன்னு பேரு. நாங்க ரிச்சர்ட்ஸ் டவுன். உடனே பங்களான்னு நெனச்சிக்காத, பங்களாவுக்குப் பின்னாடி ரெண்டு ரூமு, அதுல வாடகைக்கி இருக்கோம். எனக்கு இந்த ஆபீஸ்ல வேண்டியது ஒரே ஒரு வரி. இவரு ரிப்போர்ட்டுல, பேச்சு நார்மல்னு எழுதிட்டாங்க. அதை அடிச்சிட்டு, இந்த மனுஷனுக்குப் பேச வராதுன்னு எழுதிக் குடுக்கணும். இன்னிக்கே குடுக்கணும். குடுக்காம இந்த வாசலை வுட்டு நகர மாட்டேன்.

பென்ஷனுக்கா? அட போம்மா. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. மொதல்ல பென்ஷனுக்குன்னுதான் வந்தேன், பொய் சொல்ல மாட்டேன். இப்ப அந்தப் பென்ஷனை அவங்களே வெச்சிக்கட்டும். எனக்கு அந்த வரி போதும்.

அவரா? வருவாரு, வருவாரு. சொல்லிட்டிருக்கேன்ல, கேளு.

பக்கவாதம் அடிச்சதுல காலு தப்பிச்சிடுச்சு. லேசா இழுத்து நடப்பாரு, அவ்ளோதான். கையும் ஏதோ தேறிடுச்சு. போனது பேச்சு. சுத்தமா ஊமையாயிருந்தா பரவால்லம்மா, நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும். இது அப்பிடியில்ல. அவரு சொல்லணும்னு நெனைக்கறது எதுவும் வாயில வராது. ஆனா பழக்கத்துல ஊறிப்போனது இருக்கு பாரு, அது மட்டும் தடதடன்னு வரும். நரம்பு டாக்டர் சொன்னாரு, ஜெபம், பாட்டு, குட் மார்னிங் இதெல்லாம் மூளையில வேற எடத்துல இருக்காம். அந்த எடம் தப்பிச்சிடுச்சாம். நல்ல எடமாப் பாத்துத்தான் தப்பிச்சிருக்கு போ.

இவருக்கு ஊறிப்போனது என்னான்னு கேளு. மரியாதை. வேலைக்குச் சேந்ததுலேருந்து ரிட்டயர் ஆவுற வரைக்கும் கன்டோன்மெண்ட்ல ஒரு கிளப்புல ஃப்ரண்ட் டெஸ்க்கு. வர்றவன் போறவனுக்கெல்லாம் குட் மார்னிங் சார், ஹவ் ஆர் யூ சார், ப்ளீஸ் பீ சீட்டட், ஒன் மொமெண்ட் ப்ளீஸ். எரிஞ்சி வுழுந்துகிட்டு வர்ற மெம்பரும் இவரு மொகத்தைப் பாத்தா எறங்கிடுவான். அந்த நாலு வார்த்தைதான் இப்ப மிச்சம். தண்ணி வேணும்னாலும் குட் மார்னிங். வயிறு வலிச்சாலும் ஃபைன் தேங்க்யூ. ஒரு நாளு கொதிக்கற ரசத்தைக் கையில கொட்டிக்கிட்டாரு. தோலு வழண்டு போச்சு, கண்ணுல தண்ணி ஊத்துது, வாயி மட்டும் தேங்க்யூ சோ மச், காட் ப்ளெஸ் யூங்குது. நான் அவரு கையைப் பாக்கறதா, அவரு வாயைப் பாக்கறதா சொல்லு.

என் பேரு பிரிஜெட். பிரிஜ்ஜி, பிரிஜ்ஜின்னு அரை நிமிஷம் வுட மாட்டாரு முன்னயெல்லாம். பேஜாரா இருக்கும் எனக்கு. வூட்டுக்குள்ளயே இருக்கேன், எங்க ஓடிட்டேன்னு இப்பிடிக் கத்தறீங்கன்னு கேப்பேன். இப்ப நான் மேடம். எஸ் மேடம், ஷூர் மேடம். கட்டுன பொண்டாட்டிய மேடம்னு கூப்பிடற ஆளை நீ எங்கியாவது பாத்திருக்கியா? சிரிச்சிக்கோ, பரவால்ல. நானும் மொதல்ல சிரிச்சேன். ஒரு தடவையாவது அந்தப் பேரு வாயில வராதான்னு எவ்ளோ சொல்லிக் குடுத்தேன் தெரியுமா? பி-ரி-ஜெட். கொழந்தைக்குச் சொல்ற மாதிரி. என் வாயையே பாத்துட்டிருப்பாரு. கண்ணெல்லாம் செவந்துடும். அப்புறம், வித் ப்ளெஷர் மேடம்.

யாருக்கும் புரியலம்மா இது. ஞாயித்துக்கெழம பூசையில இவரு பக்கத்துல நின்னா நீயே நம்ப மாட்ட. பரலோக மந்திரம் ஆரம்பிச்சாருன்னா ஒரு எழுத்துப் பெசகாது. முடிஞ்சதும் சாமியாரு, எப்பிடி இருக்கீங்க டெஸ்மண்டும்பாரு. ஃபைன் ஃபாதர், தேங்க்யூ. உடனே சாமியாரு என்னைப் பாத்து, பாத்தீங்களா ஜெபத்தோட பலனும்பாரு. எனக்கு ஒரு பையன் இருக்கான், லாயிட்டுன்னு, கனடாவுல. அவன் வீடியோ கால்ல டாடின்னு கூப்பிட்டா, ஹவ் ஆர் யூ, காட் ப்ளெஸ் யூன்னு சிரிப்பாரு. பெத்த புள்ளையே, மம்மி, டாடி நல்லாத்தான பேசறாரு, நீதான் சும்மா டென்ஷன் ஆவறங்கறான். டேய், அவரு உன் பேரைச் சொன்னாராடா, ஒரு தடவை உன் பேரைச் சொன்னாரான்னு கேட்டேன்.

இந்த லட்சணத்துல டாக்டருங்க ரெண்டு நிமிஷத்துல என்னத்தக் கண்டுபுடிப்பாங்க?

மொத தடவை காட்ட வந்த அன்னிக்கி நானும் உன்ன மாதிரிதான். டாக்டரு முன்னாடி அழுக்கா நிக்கக் கூடாதுன்னு கோட்டு, டை, ஷூவுக்குப் பாலீஷு. எங்காளுங்க அப்பிடித்தான், ஆஸ்பத்திரிக்கிப் போனாலும் பூசைக்கிப் போற மாதிரி போவோம். எங்க வூட்ல அம்மா அப்பிடித்தான் வளத்தாங்க, நம்ம கஷ்டம் நம்ம வூட்டு வாசலைத் தாண்டக் கூடாதும்பாங்க. இவரு உள்ள நுழைஞ்சதும் நிமிந்து நின்னு, குட் மார்னிங் டாக்டர், ஹவ் ஆர் யூன்னாரு. அந்த டாக்டரு மொகத்தைப் பாக்கணுமே. காலைலேருந்து ஒரு பய அவரை எப்பிடி இருக்கீங்கன்னு கேட்டிருக்க மாட்டான். ஐ யாம் ஃபைன் அங்கிள், நீங்க எப்பிடி இருக்கீங்கன்னாரு. ஃபைன், தேங்க்யூ டாக்டர், ப்ளீஸ் பீ சீட்டட். டாக்டரு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு. நர்ஸும் சிரிக்குது.

டாக்டர், அவரு பேரைக் கேளுங்க, தெருப் பேரைக் கேளுங்கன்னு நான் குறுக்க வுழுந்தேன். அம்மா, நீங்க பேசாதீங்க, பேஷண்டு பேசட்டும்னாரு. பேஷண்டு பேசட்டுமாம்! அப்புறம் அவரே கன்னடத்துல, ஊட்டா ஆய்த்தான்னு சாப்பாட்டைப் பத்திக் கேட்டாரு. இந்த ஊர்ல பொறந்து வளந்தவருக்கு அதுவும் பழக்கந்தான? ஆய்த்து, நிம்துன்னு இவரு பட்டுனு டாக்டரையும் திருப்பிக் கேட்டாரு. அன்னிக்கிக் காலைல அவரு பச்சத் தண்ணி குடிக்கல, பதட்டத்துல. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கைய கொஞ்சம் தூக்கச் சொன்னாரு, அமுக்கிப் பாத்தாரு, எழுதுனாரு. நடை, லேசான பாதிப்பு. கை, லேசான பாதிப்பு. பேச்சு, நார்மல். நாங்க கெளம்பறப்போ எழுந்து கை குடுத்தாரு. உங்க ஹஸ்பெண்டு ரியல் ஜெண்டில்மேன்மான்னு என்கிட்ட சொன்னாரு. ஜெண்டில்மேனுக்குப் பேச்சு வராதுன்னு மட்டும் எழுதல.

அதுக்கப்புறம் நான் ஏறாத ஆபீஸு இல்ல. கம்ப்ளெயிண்டு குடுக்கணும்னா பேஷண்டோட வாங்கங்கறான். கூட்டிட்டுப் போனா, நான் அந்தக் க்ளார்க்குகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கறேன், இவரு பக்கத்துல நின்னுக்கிட்டு அவனுக்கு தேங்க்யூ சோ மச் சொல்றாரு. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு! அந்தக் க்ளார்க்கு என்னைப் பாத்து, சாரே தேங்க்யூன்னுட்டாரு, உங்களுக்குத்தான் என்னமோ பிரச்சினைங்கறான். வெளியில ஒரு புரோக்கரு, ஆண்ட்டி, அங்கிளை உள்ள வாயைத் தொறக்க வேணாம்னு சொல்லுங்க, வேலை முடிஞ்சிடும்னான். அதையும் பண்ணிப் பாத்தேன்மா. வெக்கத்த வுட்டுச் சொல்றேன். கையைப் புடிச்சிக் கெஞ்சினேன், இன்னிக்கி ஒரு நாளு பேசாம இருங்கன்னு. ஷூர் மேடம்னாரு. உள்ள போனதும் மொத ஆளா குட் மார்னிங்.

இரு, பியூன் வர்றான்.

... பர்த்தாரே சார், பர்த்தாரே. ஈகலே பர்த்தாரே.

போயிட்டானா? பேஷண்ட் எல்லி, பேஷண்ட் எங்கன்னு இதோட எத்தினி தடவை கேட்டுட்டான். வந்துடுவாருன்னு சொல்லி வெச்சிருக்கேன். இல்லாட்டி நம்பரைத் தாண்டிப் போயிடுவான். எவ்ளோ நாளு நடையா நடந்து வாங்குன தேதி இது தெரியுமா? அப்பீல் போர்டு எப்பவோ ஒரு நாளுதான் கூடுமாம். லெட்டரு வந்தப்போ அதை அவருகிட்ட காட்டி, இந்தத் தடவை எழுதிடுவாங்க பாருங்கன்னேன். அவரும் கையில வாங்கிப் பாத்துட்டு, காட் ப்ளெஸ் யூன்னாரு.

என்னம்மா வாசலையே பாக்கற? யாரைத் தேடற?

அவரு வர மாட்டாரும்மா.

வூட்லயும் இல்ல. ஆஸ்பத்திரியிலயும் இல்ல. அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது.

சத்தம் போடாத, பியூன் காதுல வுழுந்துடப் போவுது. போன வாரம் அல்சூர்ல ஒரு நிச்சயதார்த்தம், எங்க சர்ச்சுப் பங்குல ஒரு பொண்ணுக்கு. பஸ்ஸுல போனோம். அவரைக் கையோட முன்னாடி கூட்டிட்டுப் போயி, என் பக்கத்துல உக்கார வெச்சேன். ஆம்பளை எதுக்கு லேடீஸ் சீட்டுலன்னு ரெண்டு பேரு மொறைச்சாங்க, மொறைச்சா மொறைச்சிக்கோங்கன்னு இருந்தேன். ஒரு ஸ்டாப்புல புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒருத்தி ஏறுனா. இவரு சும்மா இருப்பாரா? ப்ளீஸ் பீ சீட்டட் மேடம்னு எழுந்துட்டாரு. கூட்டம் அப்பிடியே அவரைப் பின்னாடி தள்ளிட்டுப் போயிடுச்சு. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதாம்மா இருந்தேன், அவரு தலை தெரிஞ்சிட்டுத்தான் இருந்துச்சு. அல்சூர்ல நான் முன் வாசல்ல எறங்கி, பின் வாசலைப் பாக்கறேன். யார் யாரோ எறங்கறாங்க. அவரு எறங்கல. உள்ள ஏறிப் பாத்தேன், இல்ல. முன்னாடியே எங்கயோ கூட்டத்தோட எறங்கியிருக்காரு.

சட்டைப் பையில நம்பரு எழுதிப் போட்டுத்தான் அனுப்புவேன். எல்லாச் சட்டையிலயும் போட்டு வெச்சிருந்தேன். அன்னிக்கி விசேஷ வூடு, கோட்டு. கோட்டுல போடல.

பஸ்ஸு வந்த ரோட்டுல ஒவ்வொரு கடையாப் போயி நின்னேன். ஒரு பேக்கரிக்காரரு நல்ல மனுஷன், கேமராவுல போட்டுக் காட்டுனாரு. எங்காளு வர்றாரு. கடை வாசல்ல நின்னு அந்தப் பக்கம் பாக்கறாரு, இந்தப் பக்கம் பாக்கறாரு. டையைச் சரி பண்ணிக்கறாரு. கண்ணைத் தொடைக்கறாரும்மா, கர்ச்சீப்பு எடுத்து. பேக்கரிக்காரரு வெளிய வந்து என்னமோ கேக்கறாரு. இவரு உடனே நிமிந்து சிரிச்சி, கை குடுத்துட்டு, நடந்து போறாரு. அவ்ளோதான் அதுல. சத்தம் கேக்காது. அந்த பேக்கரிக்காரரு என்கிட்ட சொல்றாரு, எதாச்சும் ஹெல்ப் வேணுமா சார்னு கேட்டேன் மேடம், ஃபைன், தேங்க்யூ சோ மச், காட் ப்ளெஸ் யூன்னாரு, ரொம்ப டீசண்டான ஆளுன்னு. அவரை எதுக்குத் திட்டறது? யாரு கேட்டாலும் அப்பிடித்தான நெனப்பாங்க.

போலீஸா? போனேன், அன்னிக்கே போனேன். கம்ப்ளெயிண்டு எடுத்துக்கலன்னு சொல்ல மாட்டேன். எஸ்ஐ பொண்ணு ஒருத்தி, ஸ்ரீவித்யான்னு, உக்கார வெச்சி நல்லாத்தான் கேட்டா. ஊனமுற்றவர்னா எதாச்சும் பேப்பரு இருந்தாக் குடுங்கம்மா, எல்லா ஸ்டேஷனுக்கும், ஹோமுக்கும் அவசரம்னு போட்டு அனுப்பலாம்னா. நான்தான், இந்தக் கையாலதான், அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் குடுத்தேன். படிச்சா. அம்மா, பேச்சு நார்மல்னு இருக்கே, எங்க இருந்தாலும் அவரே அட்ரஸ் சொல்லிடுவாரே, வூட்ல எதாச்சும் சண்டையான்னா. எவ்ளோ சொன்னேன், அழுதேன். டாக்டர் எழுதுனதை நாங்க மாத்தி எழுத முடியாது, டாக்டரையே மாத்தி எழுதச் சொல்லுங்க, அன்னிக்கே நோட்டீஸை மாத்தறேன்னா.

நோட்டீஸு இதோ. பாரு, போட்டோ நல்லாத்தான் வந்திருக்கு. கீழ படி. உயரம், நெறம், கோட்டு கலரு, எல்லாம் சரி. கடைசியில என்ன போட்டிருக்குன்னு பாரு. தமிழ், கன்னடம், ஆங்கிலம் பேசுவார்.

இப்ப ஏதோ ஒரு ஹோமுல, ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுல, பேரு சொல்லத் தெரியாத கெழவன் ஒருத்தன் உக்காந்திருக்கான்னு வெச்சிக்கோ. கோட்டெல்லாம் அழுக்காயி, தாடி வளந்து. போட்டோவுல இருக்கற ஆளு மாதிரியே இருக்காதில்ல? அங்க இருக்கறவங்க இந்த நோட்டீஸைப் பாத்தா என்னா நெனப்பாங்க? நோட்டீஸுல இருக்கறவன் மூணு பாஷை பேசுறவனாமே, நம்மாளு பேரைக் கூடச் சொல்ல மாட்டேங்கறான், இவன் அவனில்லன்னு தூக்கிப் போட்டுட மாட்டாங்களா? அதுக்குத்தாம்மா வந்திருக்கேன். அந்த ஒரு வரிக்கி. லாயிட்டு டிக்கெட்டு போட்டுட்டான், வந்துட்டிருக்கான். அவன் வந்து மட்டும் எந்தத் தெருவுல போயித் தேடுவான்?

பேஷண்டைப் பாக்காம ரிப்போர்ட்டை மாத்த மாட்டோம்பாங்க இங்க. ரிப்போர்ட்டை மாத்தாம பேஷண்டைத் தேட மாட்டோங்கறாங்க ஸ்டேஷன்ல. இது என்னா நியாயம்னு நீயே சொல்லு.

அழாதம்மா. நீ அழுதா கொழந்த பயப்படுது பாரு. உன் மொகத்தைத்தான் அவ பாத்துக்கிட்டே இருப்பா. போயி அந்தப் பூவையும் எடுத்துடு, சொன்னா கேளு.

ஹாங், கூப்பிட்டுட்டான். டெஸ்மண்டுன்னுதான கூப்பிடறான்? பந்தே சார், பந்தே!

பேஷண்ட் எங்கன்னு கேப்பாங்க. கேக்கட்டும். அதைத்தான நானும் கேக்க வந்திருக்கேன்.